பின்னால் பதிந்தவருக்கு முதலில் ரேக்: கேட்க வழி உண்டா?

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். வெளிமாநிலத்துக்கு அரிசி அனுப்ப ரேக் (ஒரு முழுச் சரக்கு ரயிலுக்கான வேகன் தொடர்) கேட்டுப் பதிவு செய்து மூன்று வாரம் ஆகிறது. எனக்குப் பின்னால் பதிந்தவர்களுக்கு வந்துவிட்டது. ரயில்வே மீது வழக்குப் போடலாமா?

பதில்: முந்தியது யார் என்று முதலில் பாருங்கள். வழக்கு நிற்குமா நிற்காதா என்பது அதைப் பொறுத்தது.

சரக்கு ஏற்றுவதில் எந்த நபருக்கும், எந்த வகைச் சரக்குக்கும் நியாயமில்லாத சலுகை காட்டக் கூடாது என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 70-ஆவது பிரிவு. ஆனால் அடுத்த பிரிவே, பொதுநலன் கருதி இன்ன சரக்குக்கு முன்னுரிமை கொடு என்று உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த உத்தரவு ஓராண்டு செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். ராணுவச் சரக்கும் ரேஷன் தானியமும் வரிசையைத் தாண்டிப் போவது இப்படித்தான். உங்களை முந்தியது அரசு நெல் என்றால் பெரும்பாலும் வாதாடிப் பயனில்லை.

உங்களைப் போன்ற இன்னொரு தனியார் வியாபாரி, அதே அரிசி, அதே வகை வேகன், அதே திசை, ஆனால் பிந்திய தேதி என்றால் கதை வேறு. அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் கேட்ட நிலையத்தில் சரக்கு தேங்கி அங்கே ஏற்றுவதற்குத் தடை போட்டிருந்தால், உங்கள் பதிவு காத்திருப்பதில் தவறு இல்லை.

சரி, இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? கூட்ஸ் ஷெட்டில் "பார்க்கலாம் சார்" என்பார்கள். அது எந்த மன்றத்திலும் செல்லாது. திருச்சி கோட்டத்தின் முதுநிலை வணிக மேலாளருக்கு எழுத்தில் காரணம் கேளுங்கள். கூடவே பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு ஒன்றும் போடுங்கள். அந்த ஷெட்டில் பதிவான கோரிக்கைகள், ஒவ்வொன்றின் பதிவு தேதி, ஒதுக்கிய தேதி, முன்னுரிமை வகுப்பு, எந்த உத்தரவின்படி ஒதுக்கினார்கள் என்பது: இவ்வளவு போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். என் அனுபவத்தில், இந்த மனு போய்ச் சேர்ந்ததுமே பல ரேக்குகள் தானாக நகர்ந்துவிடும்!

நகரவில்லை என்றால் அதே ரயில்வே சட்டத்தின் 36-ஆவது பிரிவின் கீழ் புகார் செய்யலாம். பழைய சட்டப் புத்தகங்களில் சென்னையிலிருந்த ரயில்வே கட்டணத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லியிருக்கும். 2017-இல் அதன் வேலையை ரயில்வே கிளெய்ம்ஸ் (இழப்பீட்டுக் கோரிக்கை) தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதன் அமர்வு சென்னையில் உண்டு.

நஷ்ட ஈட்டில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சரக்குக்கு ரயில்வே பொறுப்பாவது அதை அவர்களிடம் ஒப்படைத்த பிறகுதான். காத்திருந்த வாரங்களில் அரிசி விலை இறங்கியதை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம்.

இதற்கிடையில் கோபத்தில் பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். பழைய தேதி போய்விடும். மறுபடி பதிந்தால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.