அநாதையா, அனாதையா? முன்னொட்டைப் பிரித்துப் பாருங்கள்

பிழைதிருத்தும்போது 'அநாதை', 'அனாவசியம்' இரண்டுக்கும் ஒரே னகரம் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே.

இரண்டு சொற்களின் தொடக்கத்திலும் இருப்பது 'இல்லை' என்று பொருள்தரும் வடமொழி மறுப்பு முன்னொட்டு. அது மெய்க்கு முன்னால் 'அ', உயிருக்கு முன்னால் 'அன்'. அநாதையில் 'ந' நாதன் என்ற சொல்லுக்கே சொந்தம்; அநீதி, அநியாயமும் அப்படித்தான். அனாவசியத்தில் முன்னொட்டு 'அன்', அதை அடுத்து வருவது 'ஆவசியகம்'. அங்கே னகரமே எனக்குப் பிடித்தம். பழைய அச்சில் 'அநாவசியம்' என்றும் இருக்கும், அதை அடித்துவிடாதீர்கள்.

கிரேக்கத்திலும் இதே ஒழுங்குதான். வெட்ட முடியாதது 'அ-தோமோஸ்', அதுதான் ஆட்டம் என்ற அணு. ரத்தமின்மை 'அன்-ஐமியா', நம் அனீமியா. லத்தீனின் 'இன்', ஆங்கிலத்தின் 'அன்' எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. அமிர்தமும் கிரேக்கத் தேவர்களின் அம்புரோசியாவும்கூட உறவுக்காரர்கள்: இரண்டிலும் 'சாவில்லாதது' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது.

'அவன்', 'அந்த' என்பதில் வரும் அகரத்தை இதோடு சேர்க்காதீர்கள், அது சுட்டு. தமிழ் தன் மறுப்பைப் பின்னால்தான் ஒட்டும்: அறியாமை, ஓயாத, பொய்யாத.