பூஞ்சணத்துக்குப் பெயின்ட் வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம் அக்கா. அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்சுவரில் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம், உள்ளே இருந்த சேலைகளிலும் பூஞ்சண மணம். ஹாட்வெயார் கடையில் ஒரு பெயின்டைக் காட்டி, அடித்தால் ஐந்து வருசத்துக்கு வராது என்கிறார்கள். மகனுக்குத் தொய்வு வேறு. அதை வாங்கவா, ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அப்படியொரு பெயின்டை வாங்கி ஏமாந்தவள் நான். இரண்டு மாத மழைக்குள் கொப்பளித்து, நகம் பட்டதும் அப்பளம் மாதிரிக் கழன்று விழுந்தது, உள்ளே அதே கறுப்பு. கடைக்காரரிடம் போனால் "உங்கட சுவர்தான் பிழை" என்றார். கோபம் வந்தாலும் மனுசன் சொன்னது பாதி சரி. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் பைப் கசிந்துகொண்டிருந்தது.

ஆகவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சாண் பொலித்தீனை, அதே சுவரில் பூஞ்சணத்துக்குப் பக்கத்தில் பூஞ்சணம் இல்லாத இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் என்றால் கசிவு, வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவருக்கு மறுபக்கத்து அறையில் ஏசி ஓடுகிறதா என்றும் கேளுங்கள், குளிர்ந்த சுவர் இந்தப் பக்கம் வியர்க்கும். கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றுக்கு அது போதும். அலுமாரியை எப்படியும் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி வையுங்கள்.

சுத்தம் செய்யும் நாளில் மகனை வேறு வீட்டில் விட்டுவிடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி அளவென்றால் நீங்களே செய்யலாம், அதைவிடப் பெரிதென்றால் ஆள் பிடியுங்கள். என்-95 மாஸ்க், கையுறை, கண்ணாடி போட்டு, ஃபேனை நிறுத்தி, யன்னலைத் திறந்து, முதலில் சுவரை நனையுங்கள். காய்ந்தபடி சுரண்டினால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரால் தேய்த்துத் துடைத்து நன்றாகக் காயவிட்டாலே பெரும்பாலும் போதும். பிளீச் பூசித்தான் ஆகவேண்டும் என்றில்லை, சுவருக்கு உள்ளே ஊறியதை அது எட்டுவதுமில்லை. பூசுவதென்றால் தனியாக மட்டும். கொமோட் கழுவும் அசிட்டோடோ வினாகிரியோடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். தொய்வுக்காரப் பிள்ளை உள்ள வீட்டில் இதில் விளையாட்டு வேண்டாம். பூஞ்சணம் ஏறிய மெத்தை இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எறியுங்கள்.

மெஷின் பற்றி: கசிவை அடைத்த பிறகும் அறை ஈரமாகவே இருந்தால் யோசிக்கலாம். முதலில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள், 60 சதவீதத்துக்குக் கீழே நிற்பது நல்லது. மெஷின் பெட்டியில் ஒரு நாளைக்கு இத்தனை லீற்றர் என்று போட்டிருப்பது எந்த வெப்பம், எந்த ஈரப்பதத்தில் அளந்தது என்று கேளுங்கள், அதைச் சொல்லாமல் லீற்றரை மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். அலுமாரியில் தொங்கவிடும் உறிஞ்சும் பைகள் அலுமாரிக்கு மட்டும் சரி, அறைக்கு ஒன்றும் செய்யாது. அதில் சேரும் தண்ணீர் உடுப்பில் சிந்தாமல் பாருங்கள்.

அப்புறம், பைப் கசிவென்றால் அது வீட்டுச் சொந்தக்காரரின் செலவாக இருக்கவேண்டும். துடைக்கும் முன்பே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், துடைத்த பின் "எங்கே பூஞ்சணம்?" என்பார். பெயின்ட் வாங்குகிற நாள் வந்தால் அந்த ஐந்து வருசத்தைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஏமாற்றினால் 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், அங்கேயும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். நான் என்னுடையதைத் தொலைத்திருந்தேன்.

சேலைகளை பல்கனியில் வைத்து உதறுங்கள், அறைக்குள் வேண்டாம். பருத்தியைத் தோய்த்து வெயிலில் போடுங்கள், பட்டை ட்ரைகிளீனிங்குக்குக் கொடுங்கள். பிளீச் பட்டால் பட்டு போச்சு.