மீன் எண்ணெய் கேப்சூலும் ஞாபக சக்தியும்: வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, பி.பி. எதுவும் இல்லை. வீட்டு வரவு செலவு, சீட்டுப் பணம் எல்லாம் இன்னும் அவர்தான் பார்க்கிறார். ஆனால் ஆட்களின் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை என்று வருத்தப்படுகிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி 1000 மி.கி. மீன் எண்ணெய் கேப்சூல் டப்பா டப்பாவாக அனுப்புகிறான். விடாமல் சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கூடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. உங்கள் அப்பாவைப் போன்ற நல்ல உடல்நிலையில் உள்ள முதியவர்களிடமும் இந்தச் சோதனைகள் நடந்திருக்கின்றன. அதனால் விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது.

2010-இல் வெளியான பிரிட்டனின் 'ஓபல்' ஆய்வில் 70 முதல் 79 வயதுக்குட்பட்ட 867 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் 500 மி.கி. டி.எச்.ஏ.வும் 200 மி.கி. ஈ.பி.ஏ.வும் (இரண்டும் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகள்), மறுபாதிக்கு அதே மாதிரி கேப்சூலில் ஆலிவ் எண்ணெய். 2 வருடம் கழித்துச் சொற்களை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லும் தேர்வில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த 2 வருடத்தில் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் நினைவாற்றல் இறங்கவில்லை. இறங்காத இடத்தில் தாங்கிப் பிடித்ததாகக் காட்டுவது கடினம். ஆனால் பிரான்சின் 'மேப்ட்' ஆய்வு 3 வருடம் நடந்தது, அமெரிக்காவின் 'ஏரெட்ஸ்-2' 5 வருடம் நடந்தது. அவற்றிலும் பலன் தென்படவில்லை. 60 வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்கள் 3,536 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 காக்ரேன் மதிப்பாய்வும் அதையே சொன்னது.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஆய்வு ஒன்று உண்டு. 2010-இல் வந்த 'மிடாஸ்'. நினைவு மங்குவதாகச் சொன்ன, தேர்விலும் சற்றுப் பின்தங்கியிருந்த 485 பேருக்கு 24 வாரம், தினம் 900 மி.கி. டி.எச்.ஏ. கொடுத்தார்கள். எந்தப் பெட்டியில் எந்த வடிவம் இருந்தது என்று நினைவு வைக்கும் தேர்வில் தவறுகள் குறைந்தன. பார்த்த சொற்களை அடையாளம் காணும் தேர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. செயல் நினைவிலும் திட்டமிடும் திறனிலும் மாற்றம் இல்லை. செலவை ஏற்றது அந்த டி.எச்.ஏ.வைத் தயாரித்த நிறுவனம். விளம்பரங்களில் 'நிரூபிக்கப்பட்டது' என்று வருவது பெரும்பாலும் இதைப் போன்ற ஒற்றை ஆய்வை வைத்துத்தான்.

இப்போது தம்பி அனுப்பிய டப்பாவை எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்து 1000 என்பது கேப்சூலில் உள்ள எண்ணெயின் மொத்த எடை. சாதாரண ரகத்தில் அதற்குள் இருப்பது ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி.தான். மீதி மற்றக் கொழுப்பு. சில டப்பாக்களில் '2 கேப்சூலுக்கு' என்று பொடி எழுத்தில் போட்டு அளவைப் பெரிதாகக் காட்டியிருப்பார்கள். அதைப் பாதியாக்கிக் கணக்கிடுங்கள். மிடாஸ் அளவைத் தொட 120 மி.கி. கேப்சூல் தினமும் ஏழெட்டு விழுங்க வேண்டும். ஒன்று மட்டும் சாப்பிட்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது. 'காட் லிவர் ஆயில்' என்று எழுதியிருந்தால் எண்ணிக்கையைக் கூட்டவே கூடாது. அது மீனின் ஈரல் எண்ணெய். அளவு கூடினால் வைட்டமின் ஏ உடலில் தேங்கும்.

கைவசம் இருப்பதை வீணாக்க மனம் வராவிட்டால், தினம் ஒன்று, மதியச் சாப்பாட்டின் நடுவில் சாப்பிடட்டும். வெறும் வயிற்றில் போட்டால் உறிஞ்சப்படுவது குறையும், மீன் வாடையோடு ஏப்பமும் வரும். சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்த எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு கேப்சூலைக் குத்தி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை பரவாயில்லை. பழைய பெயிண்ட் போல நெடி அடித்தால் டப்பாவோடு தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: அணை மீன் எங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. கேப்சூலுக்குப் பதில் அதையே சாப்பிட்டால் போதாதா?
– வாசகர், மேட்டூர்

பதில்: கட்லா, ரோகு, ஜிலேபி நல்ல புரத உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. அதிகம் கடல்மீனில்தான், அதிலும் விலை குறைந்த மத்தியிலும் அயிலையிலும். கொழுப்பேறிய பருவத்து மத்தியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம் கிடைக்கும். சாதாரண கேப்சூல் மூன்றுக்குச் சமம். வாரம் இரண்டு முறை போதும்.

கடற்கரை தூரம் என்பதால் நமக்கு வருவது ஐஸ் மீன். மத்திக்கு வயிறு முதலில் உடையும், உடைந்திருந்தால் வாங்காதீர்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த மத்தியிலும் அயிலையிலும் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வருவது இதனால்தான். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால் வாங்கியதும் நேராக வீட்டுக்கு வந்து, கழுவி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

செதிலைச் சுரண்டிக் குடலை எடுத்தால் போதும். தோலை உரிக்க வேண்டாம், கொழுப்பு தோலுக்கடியில்தான் இருக்கிறது. பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம் வெளியேறி, சட்டி எண்ணெய் உள்ளே ஏறும். குழம்பாக வைத்தால் இறங்கும் கொழுப்பும் குழம்போடு நம் தட்டுக்கே வரும். புளி, மிளகாய்க் கரைசல் நன்றாகக் கொதித்தபின் மீனைப் போட்டு, 8 நிமிடத்தில் இறக்குங்கள்.

கருவாட்டை இதற்கு மாற்றாகச் சொல்லமாட்டோம். பி.பி. உள்ளவருக்கு அந்த உப்பு ஆகாது.

கேள்வி: நாங்கள் சைவம். ஆளி விதை போதுமா? வால்நட்?
– வாசகி, ஆத்தூர்

பதில்: ஆளி விதையில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற வேறொரு ஒமேகா-3. உடல் அதை டி.எச்.ஏ.வாக மாற்றுவது மிகமிகக் குறைவு. பெரும்பாலான அளவீடுகளில் 1 சதவீதத்துக்கும் கீழே. நார்ச்சத்துக்காகவும் மலச்சிக்கலுக்காகவும் நல்லது. முழு விதை அப்படியே வெளியே போய்விடும். லேசாக வறுத்து, ஆறியதும் பொடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து, தினம் ஒரு மேஜைக்கரண்டி இட்லிப் பொடியிலோ மோரிலோ கலந்து, கூடவே தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் பொடித்தால் காறாது.

சைவத்தில் நேரடி டி.எச்.ஏ. வேண்டுமானால் பாசி எண்ணெய் கேப்சூல் உண்டு. மிடாஸில் கொடுத்ததும் பாசியிலிருந்து எடுத்ததுதான். கேப்சூல் கூடு ஜெலட்டினாக இருக்கலாம், பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். வால்நட்டை 63–79 வயதுக்காரர்கள் 708 பேருக்கு 2 வருடம் சோதித்தார்கள். மொத்தத்தில் நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை.

உங்களுக்கு நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது பி12. பால் பொருளும் குறைவாகச் சாப்பிடும் சைவ முதியவர்களுக்கு, அதிலும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, இது குறைந்து மறதி, கால் மதமதப்பு, தள்ளாட்டம் வரும். ரத்தத்தில் 200 பி.கி./மி.லி.க்குக் கீழே என்றால் ஊசியோ மாத்திரையோ தேவை. சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய மறதி இது.

கேள்வி: எஸ்டேட் காப்பித்தூள் வீட்டிலேயே இருக்கிறது. அதில் வெண்ணெயும் எம்.சி.டி. எண்ணெயும் கலந்து காலையில் குடித்தால் மூளை சுறுசுறுப்பாகும் என்கிறார்கள். எனக்கு 64 வயது. குடிக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: காப்பியைக் குடியுங்கள், வெண்ணெயை விட்டுவிடுங்கள். எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெயை ஈரல் கீட்டோனாக மாற்றும், மூளை அதை எரிபொருளாகப் பயன்படுத்தும் என்பது உண்மை. கனடாவில் தினம் 30 கிராம் வீதம் 6 மாதம் கொடுத்த ஆய்வில் சில தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் லேசான நினைவுக் குறைபாடு கண்டறியப்பட்டவர்கள். உங்கள் மூளைக்குக் குளுக்கோஸ் தட்டுப்பாடு இல்லை. ஒரு மேஜைக்கரண்டி எம்.சி.டி. சுமார் 115 கலோரி. முதல் நாளே இரண்டு கரண்டி ஊற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். தேங்காய் எண்ணெய் அதற்கு ஈடாகாது. அதில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் பாதிக்கு நெருக்கமாக இருப்பது லாரிக் அமிலம், அது எம்.சி.டி. போல வேகமாகக் கீட்டோன் ஆவதில்லை. வெண்ணெய் ஒரு கரண்டியில் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரால் கூடும். 2024-இல் லான்செட் ஆணையம் டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான காரணிகளில் உயர் எல்.டி.எல்.ஐயும் (கெட்ட கொலஸ்ட்ரால்) சேர்த்திருக்கிறது.

கேள்வி: மாமனாருக்கு இதயத்தில் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு ஒமேகா-3 கேப்சூல் நான்கு சேர்த்துக்கொண்டார். ஆபத்தா?
– வாசகி, சங்ககிரி

பதில்: இன்றே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிக அளவு ஒமேகா-3 ரத்தம் உறைவதைச் சற்றுக் குறைக்கும். அசிட்ரோமோடு சேரும்போது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்தாக வேண்டும். ஈறில் ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாத கன்றல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. பதறிப்போய் அசிட்ரோமை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வால்வில் ரத்தம் உறைந்து கட்டிவிடலாம். நிறுத்த வேண்டியது கேப்சூலைத்தான்.

இன்னொரு அபாயமும் உண்டு. தினம் 4 கிராம் ஈ.பி.ஏ. கொடுத்த 'ரெடியூஸ்-இட்' ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1 சதவீதம், மற்ற பிரிவில் 2.1 சதவீதம்.

கேள்வி: அப்படியானால் மறதிக்கு எதைத்தான் பார்ப்பது?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: பெயர் மறந்து பிறகு ஞாபகம் வருவது வயதின் இயல்பு. தினமும் போகும் தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி கேட்பது, பணக்கணக்கு குழம்புவது ஆகியவை இயல்பல்ல. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனை.

மற்றபடி பி12, டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரை, ஹீமோகுளோபின், சோடியம், கிரியேட்டினின் பாருங்கள். பி.பி.யை 5 நிமிடம் உட்கார்ந்தபின் எடுக்கவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வீட்டுக்கு வரும்போதே எடுத்துக்கொள்ளலாம். காது கேட்கிறதா என்று பாருங்கள். காதில் விழாததை மறந்துவிட்டதாக வீட்டார் நினைப்பது அடிக்கடி நடக்கிறது.

பிறகு மாத்திரைகள். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், இவை எல்லாமே முதியவர்களின் நினைவை மங்கவைக்கும். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கோ உங்கள் மருத்துவரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். தூக்க மாத்திரை பல மாதமாகச் சாப்பிடுபவர் அதைத் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் குறைக்க வேண்டும்.