பள்ளி பேண்டுக்குக் குறும்பாக ஒரு பாட்டு எழுத: கேள்வி பதில்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. உட்கார்ந்து வாசிக்கிற கான்சர்ட் பேண்டுக்கு மட்டும்தான் பதில், மார்ச்சிங் பேண்ட் தனிக் கதை.

மார்த்தாண்டம், பாட்டு டீச்சர்: சார், பிள்ளைகள் கருவி எடுத்து ஒரு வருசம்தான் ஆகிறது. எந்த ராகத்தில் எழுதலாம்?

கண்ணை மூடிக்கொண்டு மோகனம், டீச்சர். ஸ-வை பி பிளாட்டில் வைத்தால் பி பிளாட், சி, டி, எஃப், ஜி என்று வரும், எல்லாம் முதல் வருசத்திலேயே படிக்கிற சுரங்கள். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் தாளில் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும், அதனால் அவற்றுக்கு இதையே ஒரு முழுச் சுரம் ஏற்றி சி, டி, இ, ஜி, ஏ என்று எழுதித் தர வேண்டும், ஆல்டோ சாக்ஸுக்கு ஜி-யில் தொடங்கும். இதில் பெரிய நிம்மதி கிளாரினெட்டுக்குத்தான். நடு ஏ-யைத் தாண்டி பி-க்குப் போகும்போது எல்லா ஓட்டைகளையும் ஒரே நேரத்தில் மூடி மேல் சுரங்களுக்கான ரிஜிஸ்டர் கீ என்ற பட்டனையும் அழுத்த வேண்டும், அங்கேதான் பிள்ளைகளுக்குக் கீச்சென்று அலறும். மோகனத்தில் ஏ-யோடு நின்றுவிடலாம். ம-வும் நி-யும் இல்லாததால் ஒருவன் இடம் மாறி ஊதினாலும் காது கிழியாது.

களியக்காவிளை, பேண்ட் மாஸ்டர்: அண்ணே, வேடிக்கைப் பாட்டு என்று எழுதினேன், கேட்டவர் யாரும் சிரிக்கவில்லையே?

முதல் பாரிலேயே, அதாவது முதல் தாளச் சுற்றிலேயே, குறும்பு தொடங்கிவிட்டது, தம்பி, அதுதான் காரணம். கேட்கிறவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்தால்தான் அதை மாற்றும்போது சிரிப்பு வரும். ஒரு பல்லவியை மூன்று தடவை நல்ல பிள்ளை போல வாசிக்க விடுங்கள், நாலாவது தடவை கடைசி அடியில் மொத்த பேண்டும் கப்சிப், அப்புறம் டூபா மட்டும் ஒரே ஒரு 'பொம்'. கஷ்டமான சுரம் ஒன்றுகூட வேண்டாம், நேரம் பிசகாமல் இருந்தால் போதும்.

உங்கள் ஊர் பஸ் ஹாரனையே எழுதலாமே. இரண்டு டிரம்பெட், ஒன்று இ, ஒன்று எஃப், சேர்ந்து ஊதட்டும். பஸ் நம்மைக் கடந்து போகும்போது சத்தம் இறங்கும் இல்லையா, அதற்கு டிராம்போன் எஃப்-இல் பிடித்து டி பிளாட் வரை ஸ்லைடை இழுத்துக்கொண்டே இறங்கட்டும். ஸ்லைடை முழுக்க நீட்டும் ஏழாம் பொசிஷனில் பி வரைக்கும் இழுக்கலாம்தான், ஆனால் ஆறாம் வகுப்புப் பையன் கை அவ்வளவு நீளாது. ஊதுகிறவர்கள் சிரித்தால் உதடு விட்டுப்போகும், சிரிப்பையெல்லாம் ஒத்திகையிலேயே தீர்த்துவிடச் சொல்லுங்கள்.

குழித்துறை, ஒன்பதாம் வகுப்பு மாணவி: சார், நான் 7/8-இல், ஒரு பாருக்கு ஏழு எண்ணிக்கை வருகிற தாளத்தில் எழுதினேன், எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

தாளைப் பார்த்து எண்ணினால் தடுமாறத்தான் செய்வார்கள், மக்கா. கருவியைக் கீழே வைக்கச் சொல்லி 'தகிட தகதிமி' என்று வாயால் சொல்லிக் கைதட்ட வை, நம்ம மிஸ்ர சாப்புதானே. திருவிழாவில் சிங்காரி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பேஸ் டிரம் அந்த இரண்டு 'த'-விலும் மட்டும் அடித்தால் போதும்.

பாறசாலை, ஒரு அப்பா: டூபா இல்லை, பிரெஞ்ச் ஹார்ன் இல்லை, டிரம் அடிக்க மட்டும் பெரிய கூட்டம். இதற்கு எழுத முடியுமா?

முடியும். நாலு பாகம் மட்டும் எழுதி, கீழ்ப் பாகத்தை யூஃபோனியம், டெனர் சாக்ஸ் இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள், ஒருவர் லீவு போட்டாலும் பாட்டு நிற்காது. டிரம் கூட்டத்துக்குச் சிரட்டை, விசில், சைக்கிள் பெல்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: இசைக் குறிப்பு எழுதுகிற மியூஸ்கோர் மென்பொருளில் அருமையாகக் கேட்கிறது, பிள்ளைகள் ஊதினால் பாதியில் படுத்துவிடுகிறதே, அண்ணா?

கம்ப்யூட்டருக்கு மூச்சும் வாங்காது, உதடும் வலிக்காது. எழுதியதை நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், உங்களுக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் அவர்களுக்கு எப்போதோ முட்டியிருக்கும். டிரம்பெட்டை, ஐந்து கோடுகளின் மூன்றாம் இடைவெளியில் எழுதுகிற சி-க்கு மேலே ஏற்ற வேண்டாம், எட்டு பார் ஊதினால் நாலு பார் ஓய்வு கொடுத்து மெட்டைப் புல்லாங்குழலிடம் தள்ளுங்கள். மொத்தமே 2, 3 நிமிடம் போதும். அச்சடிக்கும் முன் எல்லாக் கருவிக்கும் ஒலிக்கிற சுரத்தையே காட்டுகிற கான்சர்ட் பிட்ச் பட்டனை அணைத்தாயிற்றா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஆல்டோ சாக்ஸ் ஒரு சுருதியிலும் டிரம்பெட் இன்னொரு சுருதியிலும் போகும், அந்தச் சிரிப்பு நாம் எழுதியது இல்லை.