பழைய டொயோட்டா டவுன்ஏஸ் வான்ல பவர் ஸ்டீயரிங் ஒயில் ஒழுகுது, ரக் மாத்தத்தான் வேணுமா?

அவசரப்பட்டு ரக்குக்கு (ஸ்டீயரிங்க திருப்பக்குள்ள முன் டயர திருப்புற பாகம்) காசக் கட்டிராதீங்க தம்பி. எனக்கும் ஒரு கராஜ்ல ரக் போயிட்டு எண்டுதான் சொன்னாங்க, கடைசில பார்த்தா ஸ்டீயரிங் ஒயில் டாங்கிக்குத் திரும்பி வாற ஹோஸ் வெடிச்சிரிக்கி, அவ்வளவுதான். முதல்ல எல்லாத்தையும் நல்லாத் துடைச்சி, ஒயில் அளவ சரியாக்கி, எஞ்சின ஸ்டார்ட்ல வச்சி ஒராளை ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் திருப்பச் சொல்லிட்டு டோர்ச் அடிச்சிப் பாருங்க (முழுசாத் திருப்பிப் பிடிச்சிக்கிட்டே நிக்க வேணாம், பம்ப் சூடாகிரும்). ரக் நுனியில இரிக்கிற ரப்பர் உறைய (பூட்) அமுக்கிப் பார்க்கக்குள்ள உள்ளுக்கு ஒயில் நிண்டா ரக் சீல்தான் போயிரிக்கி. திரும்பி வாற ஹோஸ் எண்டா ஒயிலுக்குரிய ஹோஸ் வாங்கி புதுக் கிளிப்போட போடுங்க, ரேடியேட்டர் ஹோஸ் போட்டா கொஞ்ச நாள்ல ஊதிரும். பம்ப்ல இருந்து அழுத்தத்தோட ஒயில் போற பிரஷர் ஹோஸ்ல கிளிப் போட்டு ஒப்பேத்துற வேலையே வேணாம், அது தாங்காது, புதுசாத்தான் போடணும். கல்முனை, காத்தான்குடிப் பக்கம் கடக்கரையோட ஓடுற வாகனம் எண்டா உப்புக் காத்துல இரும்புப் பைப்பும் துருப்பிடிச்சிரிக்கும், அதையும் தடவிப் பாருங்க. டொயோட்டாவுக்கு பெரும்பாலும் டெக்ஸ்ரான் ஏடிஎஃப்தான் (ஓட்டோ கியர் ஒயில்), பிரேக் ஒயில மட்டும் ஊத்திராதீங்க, சீல் எல்லாம் நாசமாப் போயிரும். பிறகு முன் டயர் ரெண்டையும் ஜக்ல தூக்கி, எஞ்சின ஓஃப்ல வச்சி, ஸ்டீயரிங்க பத்துப் பதினைஞ்சு தரம் திருப்பி ஒயிலுக்குள்ள இரிக்கிற காத்த எடுங்க, டாங்கில நுரை வாறது நிண்ட பிறகு ஓடலாம்.