நீர்நிலைத் திட்டத்துக்கு மானியம்: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். எங்கள் புளோக்குக்குப் பின்னால் ஓடும் கால்வாய் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. மழை விட்டதும் பிளாஸ்டிக் கப், டிஷ்யூ, உணவுப்பெட்டி என்று வரிசையாக மிதந்து போவதைப் பார்க்கிறோம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இளையர் பிரிவில் 18 பேர் சேர்ந்து ஒரு மழைத்தோட்டம், மாதாந்தர நீர்ப் பரிசோதனை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பட்டறைகள் என்று திட்டம் போட்டிருக்கிறோம். சுமார் 40,000 வெள்ளி ஆகும் என்று நினைக்கிறோம். இப்படி மழைநீரை நீர்த்தேக்கத்துக்குச் சேர்க்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பாதுகாக்க அரசாங்கம் தரும் மானியம் எது? ஒரே விண்ணப்பத்தில் வாங்கிவிட முடியுமா? எங்களோடு இருக்கும் உணவுக்கடைக்கார நண்பருக்கும் ஏதாவது கிடைக்குமா?

பதில்: ஒரே விண்ணப்பத்தில் கிடைக்காது. ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்றது சுலபம்.

‘நீர்ப்பிடிப்பு மானியம்’ என்று இணையத்தில் தேடினால் அமெரிக்கத் திட்டங்கள்தான் வந்து குவியும். அங்கே ஓர் ஆறு ஒருவருடைய பண்ணை வழியாக, இன்னொரு ஊர் வழியாக, மூன்றாவது மாவட்டம் வழியாக ஓடுகிறது. அத்தனை பேரையும் வேலை செய்ய வைக்க அரசாங்கம் பணம் கொடுத்தாக வேண்டும். அவர்களுடைய தூய நீர்ச் சட்டத்தில் 319-ஆம் பிரிவு என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது. இங்கே கதை வேறு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. 17 நீர்த்தேக்கங்கள். அவற்றுக்குத் தண்ணீரைக் கொண்டு சேர்க்கும் கால்வாய்களும் வடிகால்களும் ஆறுகளுமாக ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். இவ்வளவையும் பார்த்துக்கொள்வது பொதுப் பயனீட்டுக் கழகம் என்ற ஒரே அமைப்பு. கால்வாயை அகலப்படுத்துவது, கரையைச் செப்பனிடுவது, மிதக்கும் குப்பையைப் பிடிக்கத் தடுப்பு போடுவது எல்லாம் கழகம் தன் பணத்தில் தானே செய்கிற வேலை. அதற்கு உங்களுக்கு மானியம் தர அவசியமே இல்லை.

ஆகவே சமூக மானியம் தருபவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது கான்கிரீட் வேலையை அல்ல. கழகத்தால் செய்ய முடியாத ஒன்றை: பத்தாவது மாடியில் இருப்பவர் கையிலுள்ள கப்பைக் கீழே போடாமல் இருக்க வைப்பதை. உங்கள் திட்டத்தை அந்தக் கண்ணோடு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதன் பகுதிகள் வெவ்வேறு கதவுகளுக்குப் போகின்றன என்பது தெரியும்.

மழைத்தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன். எல்லாருக்கும் ஆசை அதில்தான், சிக்கலும் அதில்தான். சுற்றியுள்ள தரையைவிடச் சற்றுத் தாழ்வான ஒரு பாத்தி, அதில் மணல் கலந்த வடிகட்டும் மண், அடியில் சரளைக்கல், துளையிட்ட குழாய், மேலே வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் செடிகள். கார்ப்பேட்டையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வழியும் மழைநீர் அதில் இறங்கும்போது வண்டல் மேலேயே தங்கிவிடுகிறது, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மண்ணும் வேர்களும் ஓரளவு பிடித்துக்கொள்கின்றன. இந்தச் சத்துகள் நீர்த்தேக்கத்துக்குப் போனால் பாசி படரும், குடிநீர்ச் சுத்திகரிப்புக்குச் செலவு கூடும். மெக்பர்சனில் பாலம் ரோட்டுப் பேட்டையில் கழகம் அமைத்த மழைத்தோட்டம் ஒன்று இருக்கிறது; ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை வளைந்தோடும் ஆறாக மாற்றிய வேலையும் இதே குடும்பம்தான். 2006-இல் தொடங்கிய ‘துடிப்பான, அழகிய, தூய்மையான நீர்நிலைகள்’ திட்டத்தின் கீழ் அது நடந்தது.

ஆனால் உங்கள் பாத்தி எந்த நிலத்தில் வரப்போகிறது? புளோக்கைச் சுற்றியுள்ள பொது இடம் என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் நகர மன்றமும். பூங்கா இணைப்புப் பாதையோரம் என்றால் தேசியப் பூங்காக் கழகம். கால்வாயை ஒட்டிய வடிகால் நிலம் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம். நிலத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் எந்த மானியக் குழுவும் உங்கள் வரைபடத்தைப் பார்க்காது. கூட்டத்தில் கேட்கப்படும் முதல் கேள்வியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: “கொசு வருமா?” டெங்கிக்குப் பயந்த ஊரில் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று சொன்னாலே முகம் மாறும். சரியாகக் கட்டிய மழைத்தோட்டத்தில் தண்ணீர் ஒரு நாளைக்குள் வடிந்துவிட வேண்டும். அதை வரைபடத்திலேயே காட்டுங்கள். இரண்டாவது கேள்வி, மூன்று ஆண்டு கழித்து யார் களை எடுப்பது என்பது. அதற்கு உங்களிடம் பெயர் சொல்லி ஒரு பதில் இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தள்ளிப்போடுங்கள். என் கருத்து, முதல் ஆண்டில் இது வேண்டாம்.

பொதுப் பயனீட்டுக் கழகத்தை வேறொன்றுக்காக அணுகுங்கள். நீர்நிலையின் ஒரு பகுதியை அமைப்புகளும் பள்ளிகளும் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறது. பணத்துக்காக இல்லை. அனுமதி, வழிகாட்டல், தொலைபேசியில் அழைக்க ஓர் அதிகாரியின் பெயர், இவை எல்லாம் அதில் கிடைக்கும். பிறகு மானியம் கேட்கும்போது அதுவே பாதி சிபாரிசு.

அப்புறம், பரிசோதனையும் பட்டறைகளும். இவற்றுக்குத்தான் உண்மையான மானியக் கதவு இருக்கிறது. நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு 2020-இல் 50 மில்லியன் வெள்ளியோடு தொடங்கிய எஸ்ஜி ஈக்கோ நிதி. தனிநபர், பள்ளி, சங்கம், நிறுவனம் என யார் வேண்டுமானாலும் கேட்கலாம். திட்டத்தில் சமூகம் பங்கெடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பெரிய பிரிவில் ஏற்கத்தக்க செலவில் 80 விழுக்காடு வரை, அதிகபட்சம் ஒரு மில்லியன் வெள்ளி. 10,000 வெள்ளி வரையிலான சிறு திட்டங்களுக்கு ‘ஸ்ப்ரவுட்’ என்று தனிப் பிரிவு, படிவமும் எளிது. உங்கள் 18 பேருக்கு நான் சொல்வது ஸ்ப்ரவுட்தான். பெரிய தொகையைப் பார்த்து மயங்கவேண்டாம்: உதாரணத்துக்கு, 24,000 வெள்ளிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டால்கூட 19,200தான் வரும், மீதி 4,800 உங்கள் சங்கத்துப் பெட்டியிலிருந்து போகவேண்டும். அதோடு, மானியங்களில் பெரும்பாலும் நீங்கள் முதலில் செலவழித்து, ரசீதைக் காட்டித்தான் பணத்தைத் திரும்பப் பெறவேண்டியிருக்கும். சங்கத்தின் வங்கிக் கணக்கு அந்த இடைவெளியைத் தாங்குமா என்று பொருளாளரிடம் கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவோடு விண்ணப்பித்தபோது, ஒப்புதல் நிச்சயம் என்ற நம்பிக்கையில் பரிசோதனைக் கருவிகளை முன்கூட்டியே வாங்கிவிட்டோம். ஒப்புதலும் வந்தது. ஆனால் ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முந்தைய ரசீது எதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். விதியில் தெளிவாக எழுதியிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. அந்தப் பெட்டி இன்னும் என் வீட்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது.

எஸ்ஜி ஈக்கோ நிதியைத் தவிர, இளையர்கள் நடத்தும் பகுதிக்குத் தேசிய இளையர் மன்றத்தின் மானியங்களைப் பாருங்கள். கலாசார, சமூக, இளையர் துறை அமைச்சின் ‘நமது சிங்கப்பூர் நிதி’யில் முன்பு 20,000 வெள்ளி வரை கேட்க வழி இருந்தது. தொகையும் விதியும் மாறக்கூடியவை; விண்ணப்பிக்கும் வாரத்தில் இணையத்தளத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டாதீர்கள். பட்டறைக்கு ஓரிடம், கருவிக்கு ஓரிடம் என்று பிரித்தால் தவறில்லை, ஆனால் இரண்டு விண்ணப்பத்திலும் மற்றதைப் பற்றி வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

விண்ணப்பத்தில் பலர் சறுக்கும் இடம் ‘விளைவு’ என்ற கட்டம். “விழிப்புணர்வு பெருகும்” என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தொடக்க அளவு ஒன்று வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு மாதம், வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், கால்வாயோர நடைபாதையில் ஒரே 200 மீட்டர் தூரத்தில் குப்பையைப் பொறுக்கி வகை பிரித்து எடை போடுங்கள். இதற்கு இடுக்கியும் தராசும் போதும். கால்வாய்க்குள் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். மேல்பகுதியில் எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் தண்ணீர் மட்டத்தை உயர்த்திவிடும். நீரைப் பொறுத்தவரை கலங்கல், பிஎச் (அமில-காரத் தன்மை), கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட் இவ்வளவு போதும். மாதிரி எடுத்த நேரத்தையும் கடைசியாக எப்போது மழை பெய்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மழையின் முதல் சில நிமிடங்களில் வழியும் நீர்தான் சாலையில் சேர்ந்த அழுக்கில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு வரும். வெயில் நாள் மாதிரியோடு அதை ஒப்பிட்டால் உங்கள் திட்டம் தோற்றதுபோலத் தெரியும், உண்மையில் மாறியது வானிலைதான். முடிந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அளக்கத் தொடங்குங்கள்.

தனியாகவும் போகவேண்டாம். நீர்நிலைகளைக் காக்கும் தொண்டு அமைப்பான ‘வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி’ 1998 முதல் இந்த வேலையைத் தொண்டூழியர்களோடு செய்துவருகிறது. அப்படி ஒரு பங்காளியின் பெயர் இருந்தால், புதிதாக வரும் சங்கத்தின் மீது குழுவுக்கு நம்பிக்கை கூடும்.

இனி உங்கள் உணவுக்கடை நண்பர். பின்சந்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் திறந்த வடிகாலில் போகிறது என்றால் அதைச் சரிசெய்ய அவர் மானியம் தேடவேண்டாம். இங்கே மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. வடிகாலில் ஊற்றுவது நீர்த்தேக்கத்துக்கே போகிறது. கழிவுநீரை எண்ணெய்ப் பசையைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப் வழியாகக் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பது அவர் எப்படியும் செய்யவேண்டிய சட்டக் கடமை, அதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர்ச் சிக்கன நிதி நிறுவனங்களுக்கானதுதான், ஆனால் அது பயன்படுத்தும் தண்ணீரைக் குறைப்பதற்கும் மறுபயனீடு செய்வதற்கும். ஒரு சின்னக் கடைக்கு அந்தப் படிவத்தை நிரப்பும் நேரத்தில் பழைய குழாய்முனைகளை மாற்றிவிடலாம்.