விண்டோஸில் அடித்த தமிழ் ஆவணம் மேக்கிலும் லினக்ஸிலும் ஏன் குலைகிறது?

முதலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். கட்டங்கள் தெரிந்தால், அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. எழுத்துகள் சரியாக இருந்து வரிகளும் பக்கங்களும் மட்டும் நகர்ந்திருந்தால், வேறு எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பலருக்கும் நேர்வது இந்த மூன்றாவதுதான். விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்கள் மேக்கில் இயல்பாக இருப்பதில்லை. அங்கே தமிழ் சங்கம், இணைமதி போன்றவை உண்டு. ஒவ்வொன்றிலும் எழுத்தின் அகலமும் வரி உயரமும் வேறு. 14 புள்ளி அளவு என்றாலும் ஒரே இடத்தை அடைக்காது.

நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், மூன்று இயங்குதளங்களிலும் நிறுவலாம். எல்லாக் கணினியிலும் அதையே போட்டுவிடுங்கள். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் ஒரு சிக்கல்: மேலே உள்ள பெட்டியில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறாவிட்டால், எழுத்துரு உரையாடல் பெட்டியில் சிக்கலான எழுத்துகளுக்கான (Complex அல்லது CTL) பகுதியில் தனியாக மாற்றுங்கள். தமிழ் அந்த வகையில்தான் சேரும்.

படிக்க மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் பிடிஎஃப் போதும், எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். திருத்த அனுப்பினால், விண்டோஸ் வேர்டின் சேமிப்பு விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்பில் பதிக்கும் தேர்வை இயக்குங்கள். எழுத்துருவின் உரிமம் அனுமதித்தால்தான் அது பதியும்.